அசார்ட்டு நீச்சல்

போன வாரம் கோயமுத்தூரில் மகள் குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் போயிருந்தேன். கீழே நீச்சல்குளம் இருக்கிறது. அதன் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நம்மையும் நீந்தத் தெரிந்தவன் என்று நாலு பேர் நினைத்துக்கொள்வார்கள். எனக்குக் கால் நனைக்கவே பயம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது குளத்தின் வாசனை. திருப்பூரில் வாலிபத்தைத் தொலைத்தவனுக்கு அது பனியன் துணி வெளுக்கிற சலவைப்பட்டறையின் வாசனை.

பக்கத்தில் மகள் கைப்பேசியில் ஒலிம்பிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் நீச்சல். "இது மெட்லிப்பா. நாலு ஸ்டைலையும் ஒரே ஆள் நீந்தணும்" என்றாள்.

"தெரியும். அசார்ட்டு" என்றேன்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று அவள் பார்வை சொன்னது.

அசார்ட்டு என்பது பனியன் கம்பெனிப் பேச்சு. ஒரு பெட்டியில் ஒரே சைஸ் போட்டுக் கட்டினால் சாலிட். சின்னதும் பெரியதுமாக எல்லா சைஸும் கலந்து கட்டினால் அசார்ட்டு. எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். ஆங்கில இலக்கியம் படித்திருந்தேன். அட்டைப்பெட்டியின் மேல் சைஸும் கலரும் எழுத அவ்வளவு இலக்கியம் போதும் என்று முதலாளி நினைத்தார். அவர் நினைத்தது சரிதான்.

துணி மடிக்கும் மேஜையில் ரஹமத்தக்கா இருந்தார். சொந்த ஊர் கொமரலிங்கம். அமராவதி ஆற்றங்கரையில் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே நீந்தப் பழகியதாகச் சொல்வார். "வயசுக்கு வந்தன்னிக்கி ஆறு நின்னு போச்சுங்க தம்பி" என்பார். ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவரைத்தான் அதில் விடவில்லை. பிறகு கல்யாணம், திருப்பூர், பனியன். எதிர் மேஜையில் கோவில்பட்டிச் செல்வராணி. ரஹமத்தக்கா ஆற்றுக் கதையை எடுத்தாலே, "எங்கூர்ல குடிக்கத் தண்ணி கெடையாது. இவுக தண்ணியில படுத்துத் தூங்குவாகளாம்!" என்று தொடங்கிவிடுவாள்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் உட்காரும் அறைக்கு முதலாளி ஒரு கலர் டிவி வாங்கினார். பையர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒலிம்பிக்ஸ் நடந்த சமயம், ஒரு காலை டீ நேரத்தில், ஆன்டெனா ஒழுங்காக இருக்கிறதா என்று முதலாளி டிவியைப் போட, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்க அம்மிணி, அங்கிருந்து எட்டிப் பாக்கறீங்க? செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க. தண்ணிதான், கடிக்காது" என்றார் முதலாளி.

திரையில் எட்டுப் பெண்கள் குதித்தார்கள். வர்ணனை ஆங்கிலம், மொழிபெயர்ப்பு அடியேன். முதல் நீச்சலைப் பட்டாம்பூச்சி என்றேன். "பட்டாம்பூச்சி இந்தப் பாடு படுமுங்களா?" என்று கேட்டார் ரஹமத்தக்கா. அடுத்து எல்லோரும் மல்லாந்தார்கள். "இது நமக்குத் தெரியும்" என்றார். மூன்றாவது நீச்சலின் 'பிரெஸ்ட் ஸ்ட்ரோக்' என்ற ஆங்கிலப் பெயரை அத்தனை பெண்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் துணிவை எந்தக் கல்லூரியும் எனக்குத் தந்திருக்கவில்லை. தொண்டையைச் செருமினேன். "தவக்கா நீச்சல்!" என்று தவளையைச் சொல்லி அக்காவே என் மானத்தைக் காப்பாற்றினார்.

"ஏனுங்க தம்பி, நாலையும் ஒருத்தியேதான் நீந்தோணுங்களா?"

"ஆமாங்க்கா."

"அப்ப அசார்ட்டுன்னு சொல்லுங்க!"

அறையே சிரித்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசி நீச்சலில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தி பின்தங்கியிருந்தாள். ரஹமத்தக்கா அவளைத் தன் பெண்ணாக எடுத்துக்கொண்டார். "வா கண்ணு, கைய எட்டிப் போடு, இன்னும் ரெண்டே வீச்சு..."

கரண்ட் போய்விட்டது.

திரும்பி வந்தபோது யாரோ ஓர் ஆள் பளு தூக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் பேப்பரில் தேடினேன். ஹாக்கி இருந்தது, பெண்கள் நீச்சல் இல்லை. "போவுட்டுங்க. எப்படியும் கரை சேந்திருப்பா" என்றார் ரஹமத்தக்கா.

ஆனால் அந்த இருட்டு அறையில் வைத்தே அவர் முதலாளியிடம் ஒன்று கேட்டிருந்தார். "நம்ம கெணத்துல ஒரே ஒருக்கா எறங்கிக்கட்டுங்களா?" கம்பெனியே முதலாளியின் பழைய தோட்டத்தில் கட்டியதுதான். பின்பக்கம் படி வைத்த பெரிய கிணறு அப்படியே இருந்தது.

"அதுக்கென்ன சாமி! ஆம்பளைங்க இல்லாத ஞாயித்துக்கெழமையாப் பாத்து எறங்கிக்க. இந்த ஷிப்மென்ட் மட்டும் முடியட்டும்."

பையர் கழித்துவிட்ட ஒரு கறுப்பு டிராக் பேன்ட், ஒரு முழுக்கை டி ஷர்ட். அவற்றை மஞ்சப்பையில் போட்டு, பேக்கிங் அறை ஆணியில் மாட்டி வைத்தார் ரஹமத்தக்கா.

திருப்பூரில் ஷிப்மென்ட் முடிந்து நான் பார்த்ததில்லை. ஒன்று லாரி ஏறும்போதே அடுத்தது வாசலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வருஷங்கள் போயின. பை ஆணியிலேயே தொங்கியது. பொங்கலுக்குப் பொங்கல் அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் கொண்டுவந்து மாட்டுவார். "நனையாத துணிய எதுக்குக்கா தொவைக்கீக?" என்பாள் செல்வராணி. "நாளைக்கே எறங்கச் சொன்னா அழுக்குத் துணியோடவா எறங்கறது?" என்பார்.

தொண்ணூறுகளில் சுற்றிலும் சாயப்பட்டறைகள் வந்தன. கிணற்றுத் தண்ணீர் முதலில் டீத்தண்ணி மாதிரி ஆனது. "மழை பேஞ்சா சரியாயிரும்" என்றார் முதலாளி. மழை பெய்தது. பழுப்பு போய்ப் பச்சை வந்தது. இந்த சீசனில் வெளிநாட்டில் என்ன கலர் ஓடுகிறது என்பதைக் கிணற்றை எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நாங்கள் வேடிக்கை பேசினோம். உண்மையிலேயே அதை வேடிக்கை என்றுதான் நினைத்தோம்.

கடைசியில் ஓர் ஆர்டர் கேன்சலாகி, சும்மா ஒரு ஞாயிறு கிடைத்தது. "கலர்னாலும் தண்ணிதானுங்களே" என்று பையை எடுத்துக்கொண்டார் ரஹமத்தக்கா. துணைக்குச் செல்வராணி. ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள கேட்டில் ஓர் ஆள் வேண்டும். ஆம்பளைக் கணக்கில் சேராத ஆள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஸ்டூல் போட்டுக் கிணற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். மெஷின்கள் ஓடாத கம்பெனி அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் குதிக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். காக்கை கத்தியது. சத்தம் வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து ரஹமத்தக்கா வந்தார். டி ஷர்ட் காய்ந்தபடியே இருந்தது. கணுக்கால் வரை மட்டும் ஊதாவும் சிவப்புமாக ஏதோ ஏறியிருந்தது. பின்னால் வந்த செல்வராணியின் வாயில் ஒரு கிண்டலும் இல்லை.

"என்னாச்சுங்க்கா?"

"காலு எரியுதுங்க தம்பி." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "எல்லாக் கலரும் கெடக்குது. அசார்ட்டு."

திங்கட்கிழமை ஆணி காலியாக இருந்தது. அந்த டி ஷர்ட், மெஷின் எண்ணெய் துடைக்கும் துணியோடு துணியாகக் கிடந்தது.

முதலாளி காலமாகி, கம்பெனி கைமாறி, கிணற்றை மண்கொட்டி மூடி, இப்போது அதன் மேல் குடோன் நிற்கிறது. ரஹமத்தக்கா கடைசிக் காலத்தில் கணியூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்திலேயே அமராவதி. அவர் இறந்த செய்தியைச் செல்வராணிதான் சொன்னாள். "ஆத்துல எறங்குனாகளா?" என்று, அவள் பேச்சிலேயே கேட்டேன். "முட்டி வலி சார். கரையில ஒக்காந்து பாத்துட்டு வருவாகளாம்" என்றாள்.

"அப்பா, யார் ஜெயிச்சான்னு பாத்தீங்களா?" என்றாள் மகள். நான் பார்க்கவில்லை. அதற்குள் குளத்தில் யாரோ ஒரு பெண் தொபீரென்று குதித்தாள். தண்ணீர் என் செருப்பு வரை தெறித்தது. அன்று கேட்டில் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் காத்திருந்த சத்தம். இனி யாரிடம் போய், வந்துவிட்டது என்று சொல்வது?