எடைமேடை அக்காவும் வெள்ளைக் கடற்காகமும்

நகரத்துக் குப்பையெல்லாம் வந்து சேரும் மேட்டுக்கு எடைமேடைதான் வாசல். உள்ளே போகும் ஒவ்வொரு லாரியும் அந்த இரும்புத் தட்டின் மேல் ஏறி நிற்க வேண்டும். கொட்டிவிட்டுத் திரும்பும்போது காலியாக மறுபடியும் நிற்க வேண்டும். திரையைப் பார்த்து எடைச்சீட்டு அடித்துக் கொடுப்பவர் ஒரு பெண். பதினாறு வருடமாக அதே கண்ணாடி அறை, அதே சுழல் நாற்காலி. எங்கள் எல்லாருக்கும் அவர் 'எடைமேடை அக்கா'. நான் லாரிக்காரன், ஒரு நாளைக்கு நான்கு நடை அடிப்பவன். கண்ணால் பார்த்ததையும் பிற்பாடு அக்கா வாயால் கேட்டதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அக்காவின் கணவர் மேட்டின் உச்சியில் புல்டோசர் ஓட்டுபவர். நாங்கள் கொட்டும் குப்பையை ஓரத்துக்குத் தள்ளிச் சமப்படுத்துவது அவர் வேலை. வாயில் முத்து வைத்திருப்பவர் போல எண்ணி எண்ணித்தான் பேசுவார். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். அவர் மேலே போய்விடுவார், அக்கா கீழே உட்காருவார்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே கிடைக்கும் ஐந்து பத்து நிமிடத்தில் அக்கா பறவை எண்ணுவார். குப்பைமேடு என்றால் நாம்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம்; பறவைகளுக்கு அது விருந்து வீடு. காகம், பருந்து, கொக்கு வருடம் முழுக்க இருக்கும். குளிர் தொடங்கியதும் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். குளிர் விலகும் சமயத்தில் கூட்டம் கூட்டமாக வடக்கே திரும்பும். அந்தக் கடைசி மூன்று நான்கு வாரம்தான் அக்காவுக்கு உயிர். எங்கிருந்தோ வரும் கூட்டங்கள் ஓரிரு நாள் தங்கிப் போகும்போது, நம் பக்கம் பார்க்கவே கிடைக்காத ஒன்றிரண்டு அதில் கலந்து வரும். ஏதோ பள்ளிக்கூடத்துக் கழிவோடு அட்டை கிழிந்த பறவைப் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. அதைத் துடைத்து எடுத்துவைத்த அன்று பிடித்த பைத்தியம்.

நகரத்தில் பறவை பார்ப்பவர்களின் குழு ஒன்று உண்டு. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஒருவர், வட்டாரத்தில் யார் எந்த அபூர்வப் பறவையைப் பார்த்தார்கள் என்று பட்டியல் போட்டு எல்லார் போனுக்கும் அனுப்புவார். அதனாலேயே அவருக்குப் 'பட்டியல் வாத்தியார்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவும் அவருக்கு எழுதுவார். ஆனால் வெளியாட்களை உள்ளே விடவே கூடாது என்பது மேலாளரின் கறாரான உத்தரவு. அதனால் இடத்தைக் குறிப்பிடாமல் 'நகருக்கு வெளியே' என்று மொட்டையாக எழுதுவார். வாத்தியாரும் பதிலுக்கு, அக்காவின் பறவைக்குப் பக்கத்தில் 'உறுதியில்லை' என்று போட்டுவிடுவார். மூன்று வருடத்தில் ஐந்து முறை அப்படிப் போட்டார்.

"எடையில ஒரு கிலோ தப்பினதில்ல தம்பி. கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?" என்று ஒருநாள் என்னிடம் பொரிந்து தள்ளினார்.

போன வருடம், குளிரின் கடைசி வாரங்கள். ஒரு புதன்கிழமை மதியம் என் லாரி தட்டின் மேல் நின்றது. அக்கா சட்டென்று நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"அக்கா, சீட்டு."

"இரு. சத்தம் போடாத."

வடக்குச் சரிவின் அடியில் கடற்காகக் கூட்டம். மற்றவற்றுக்கெல்லாம் சாம்பல் முதுகு. இறக்கை நுனி மையில் முக்கி எடுத்தது போலக் கறுப்பு. நடுவில் ஒன்று மட்டும் இறக்கை நுனிவரை வெள்ளை. உறைந்த கடலோரத்தில் வாழ்வது, இவ்வளவு தெற்கே வருவது அபூர்வத்திலும் அபூர்வம் என்று புத்தகம் சொன்னதாம். சீட்டை என்னிடம் நீட்டும்போதும் அக்காவின் கண் சரிவைவிட்டு நகரவில்லை.

கண்ணாடி வழியே போனில் ஒரு மங்கலான படம் எடுத்து அனுப்பினார். அடுத்த நிமிடமே வாத்தியார் கூப்பிட்டார்.

"படம் தெளிவா இல்லையேம்மா. எடத்தையாவது சொல்லுங்க. எடம் தெரியாம எப்படி நம்புறது?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார், போனில் எழுதியும் அனுப்பினார். குப்பைமேடு, வடக்குச் சரிவு, அடிவாரம். "சார், உங்களோட இருக்கட்டும். இங்க யாரும் வரக்கூடாது."

"என்னை நம்புங்க" என்றார் வாத்தியார். நெருங்கிய நண்பர்கள் இரண்டே பேருக்குத்தான் சொன்னாராம். அந்த இரண்டு பேருக்கும் நெருங்கிய நண்பர்கள் இல்லாமலா இருப்பார்கள்?

அன்று சாயங்காலமே பட்டியல் வந்தது. முதல் வரியில் அக்காவின் பறவை, பக்கத்தில் 'உறுதி'. வீட்டில் கணவருக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினார். அவர், "ஆளுங்க வந்து நின்னுடப் போறாங்க" என்றார்.

"வரமாட்டாங்க. படிச்சவங்க."

மறுநாள் காலை மூடுபனி. என் லாரியின் மூக்கு எனக்கே தெரியவில்லை. எட்டு மணிக்குப் பத்து டன் குப்பையோடு தட்டின் மேல் ஏறினேன். அக்காவின் போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, வந்துட்டோம்." வாத்தியாரின் குரல்.

"எங்க சார் வந்துட்டீங்க?"

"நீங்க சொன்ன எடத்துக்குத்தான். பின்வேலியில ஒரு ஓட்டை இருந்துச்சு. பதினோரு பேர் இருக்கோம். பனியில ஒண்ணுமே தெரியல. சரிவுக்கு எந்தப் பக்கம் நின்னுச்சு?"

அக்கா சட்டென்று மேட்டின் பக்கம் திரும்பினார். வடக்கு ஓரத்தில்தான் அன்று புல்டோசர் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் உறுமல் எங்களுக்கே கேட்டது.

"வெளிய போங்க சார்! இப்பவே! மேலேருந்து குப்பை தள்ளுறாங்க!"

"என்னம்மா? இங்க ஒரே இரைச்சல், கேக்க..."

அழைப்பு அறுந்தது. கணவருக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் போன் சாப்பாட்டுப் பையில் கிடக்கும், காதில் கவசம் இருக்கும் என்பது அக்காவுக்குத் தெரியும். இரண்டாவது முறை அடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து என் லாரியில் தொற்றி ஏறினார்.

"மேல போ."

"எடை போடலையேக்கா..."

"எடை கெடக்குது, போடா!"

அதற்கு முன் என்னை ஒருநாளும் 'டா' போட்டதில்லை. மிதித்தேன்.

உச்சிக்குப் போகும் மண்பாதையில் இரண்டு வளைவு. முதல் வளைவில் எதிரே ஒரு காலி லாரி. ஒதுங்க இடமில்லை, கண்ணாடிகள் உரசி என் பக்கத்துக் கண்ணாடி தெறித்தது. நிற்கவில்லை. அக்கா கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். தள்ளும்போது உறுமும், பின்னால் வரும்போது தணியும்.

"ரெண்டு தடவை தள்ளிட்டாரு" என்றார். இரண்டாவது வளைவில், "மூணு."

உச்சியில் பனிக்குள் புல்டோசரின் மஞ்சள் விளக்கு சுழன்றது. அதன் முதுகு எங்கள் பக்கம். ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. அது அவர் காதில் ஏறவில்லை. ஒரு வீட்டுச் சுவர் உயரக் குவியலை ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போனார். லாரி நிற்கும் முன்பே அக்கா குதித்தார். விழுந்து எழுந்து, பாலிதீன் கிழிசல்களில் கால் சிக்க ஓடி, சுற்றிக்கொண்டு போய், அவர் கண்ணில் படும்படி குப்பை தள்ளும் தகட்டின் முனையோரம் நின்று இரண்டு கையையும் வீசினார்.

பிரேக் கிறீச்சிட்டது. இரும்புத் தகடு அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஆனால் குவியலின் பாதி ஏற்கெனவே விளிம்பைத் தாண்டியிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது மெதுவாகச் சாய்ந்து, பனிக்குள் சரிந்து மறைந்தது.  பிறகு கீழிருந்து அலறல்.

சரிவில் முதலில் இறங்கியவர் அக்காவின் கணவர். யார், எவர், எப்படி வந்தார்கள் என்று எதையும் கேட்கவில்லை. பத்துப் பேர் ஓடித் தப்பியிருந்தார்கள். ஒருவர் மட்டும் இடுப்புவரை புதைந்து கிடந்தார். ஸ்டூடியோ வைத்திருப்பவராம். கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். வெறுங்கையால் தோண்டினோம். கண்ணாடித் துண்டு கிழித்து அக்காவின் கணவருக்கு உள்ளங்கையெல்லாம் ரத்தம். ஆளை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அந்த வெள்ளைப் பறவை அங்கே இருந்ததா என்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று வீட்டில் கணவர் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம்.

"ஒரு பறவைக்காக என்னைக் கொலைகாரனா ஆக்கப் பாத்தியே."

"குரலை உசத்தியிருந்தா தாங்கியிருப்பேன் தம்பி" என்றார் அக்கா என்னிடம். "சாதாரணமாச் சொன்னாரு."

விவகாரம் அதோடு முடியவில்லை. ஸ்டூடியோக்காரரின் அண்ணன் புகார் கொடுத்தார்: கீழே ஆட்கள் இருப்பது தெரிந்தே ஓட்டுநர் குப்பையைத் தள்ளினார் என்று. சனிக்கிழமை விசாரணை. முந்தைய நாள் கணவர் அக்காவிடம் சொன்னார்: "நீ வாயத் திறக்காத. ஓட்டை வழியா வந்தது அவங்க தப்பு. உன் பேரே வராது."

"உங்க பேரு வருதே" என்றார் அக்கா.

மேலாளரின் அறையில் சாட்சியாக நானும் இருந்தேன். அண்ணன்காரர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். வாத்தியார் மூலையில் தலையைக் குனிந்தபடி இருந்தார். அக்காவின் முறை வந்ததும் அவர் எழுந்து போனைத் திறந்து மேசையில் வைத்தார்.

"எடத்தைச் சொன்னது நான். இதுல இருக்கு. அவங்க வந்தது இவருக்குத் தெரியாது. வந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது."

மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதனால உங்க வேலை போகலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் சார்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  அப்போதுதான் வாத்தியார் எழுந்தார். 

"அவங்க யாருக்கும் சொல்லாதீங்கன்னாங்க. நான்தான் சொன்னேன். வேலியைத் தாண்டலாம்னு முதல்ல காலை வச்சவனும் நான்தான். எழுதிக் கொடுக்கறேன்."

அண்ணன்காரர் புகாரைத் திரும்பப் பெற்றார். அக்காவுக்கு ஆறு வாரம் இடைநீக்கம். வேலி அடைக்கப்பட்டது. எடைமேடைக்கும் புல்டோசருக்கும் ஆளுக்கொரு வாக்கி-டாக்கி வந்தது.

அந்த ஆறு வாரமும் கணவர் தனியாக ஸ்கூட்டரில் வந்தார். ஒவ்வொரு முறை தள்ளுவதற்கு முன்பும் இயந்திரத்தைவிட்டு இறங்கி, விளிம்புவரை நடந்து, கீழே பார்த்துவிட்டு ஏறுவார். நாங்கள் வரிசையில் காத்துக் கிடந்தோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அக்கா ஒருநாள் மருத்துவமனைக்குப் போனார். ஸ்டூடியோக்காரர் முறிந்த காலை மேலே தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா நின்றபடியே மன்னிப்புக் கேட்டார்.  அக்கா கிளம்பும்போதுதான் ஸ்டூடியோக்காரர் கேட்டார்:

"அது நிஜமாவே முழு வெள்ளையா?"

"ஆமாங்க. நுனிவரைக்கும்."

"ச்சே" என்று சிரிக்கப் போனவர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் அக்கா பறவை எண்ணவில்லை. புத்தகம் எங்கே என்று கேட்டேன். வீட்டில் கிடக்கிறது என்றார். வாக்கி-டாக்கியில் நாள் முழுக்க ஒரே பேச்சுத்தான்: "கீழ யாரும் இல்லையே?" "இல்லைங்க, தள்ளுங்க." புருஷன் பெண்டாட்டி அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை, ஆனால் அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது.

இந்த வருடக் குளிரும் முடியப்போகும் நேரம். ஒருநாள் காலை, காலி லாரியோடு நான் தட்டின் மேல் நிற்கையில், வாக்கி-டாக்கி கரகரத்தது.

"இங்க ஒண்ணு வந்து நிக்குது. உசரமா இருக்கு. உடம்பு கறுப்பு, வயிறு வெள்ளை. நீ இதைச் சொல்லி நான் கேட்டதில்ல."

அக்கா சீட்டு அடிப்பதை நிறுத்தினார்.

"மிஷினை நிறுத்திட்டேன்" என்றது குரல். "பத்து நிமிஷம் தள்ள மாட்டேன். ஏறி வா."

அக்கா என்னைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டேன். மேலே, இயந்திரத்தின் படியில் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஐம்பதடி தள்ளி, பெரிய கறுப்பு நாரை ஒன்று ஒற்றைக்காலில் நின்றது.

"மூக்கும் சிவப்பு, காலும் சிவப்பு" என்றார் கணவர்.

"காலு சிவப்பு. மூக்கு இன்னும் முழுசாச் சிவக்கல, நல்லாப் பாருங்க. சின்ன வயசுப் பறவை."

"என் கண்ணுக்குச் சிவப்பாத்தான் தெரியுது."

"அப்ப கண்ணாடியை மாத்துங்க."

நான் லாரியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு எடுத்தேன்.