அண்ணிக்குக் கொடுத்த கிராபிக்ஸ் கார்டு

கறுத்துக் கிடந்த மானிட்டர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கள்ளக்குறிச்சி வீட்டு ஹாலில் கணினியின் விசிறி சுற்றுகிறது. திரையில் மட்டும் பொட்டு வெளிச்சம் இல்லை. பவர் பட்டனுக்குப் போன என் கையை அண்ணி எட்டிப் பிடித்தார். “இரு தம்பி, அதுக்குள்ள இன்னா அவசரம்?”

கல்யாணத்துக்கு முன் அண்ணி ஒரு ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டிங் செய்தவர். கைக்குழந்தை வந்த பிறகு போக முடியவில்லை. மலைமேல் கரியாலூரில் எடுத்த கல்யாண வீடியோ ஒன்றைக் கொடுத்து, மறுவீட்டு விருந்துக்குள் முடித்துத் தந்தால் இனி வீட்டுக்கே வேலை அனுப்புவதாகச் சொன்னார் ஸ்டுடியோக்காரர். தவறினால் வேறு ஆள்.

வீட்டில் இருந்தது என் கணினி ஒன்றுதான். லினக்ஸில் என் கல்லூரிப் புராஜெக்ட் நிற்காமல் ஓடியாக வேண்டும். அண்ணியின் மென்பொருளோ விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஏறாது. விடுவேனா? லினக்ஸுக்கு உள்ளேயே மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, அதில் விண்டோஸை ஏற்றினேன்.

“கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரா? புள்ளத்தாச்சியாடா இது?” என்று அண்ணன் சிரித்தான். அவன் வாய் முகூர்த்தமோ என்னவோ, வீடியோவில் தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளை குனிந்தபடியே நின்றார். திரையில் படத்தை ஓட்டும் என் கிராபிக்ஸ் கார்டு இருப்பதே உள்ளே இருந்த கணினிக்குத் தெரியாது. அது இல்லாமலே படம் வரைந்து திணறிக்கொண்டிருந்தது.

கார்டை நேரடியாக அதன் கையிலேயே ஒப்படைக்க வழி உண்டு என்று படித்துவிட்டு முயன்றேன். பலிக்கவில்லை. கணினி எழுந்ததுமே லினக்ஸ் கார்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கேட்டால் விடாது, எல்லாம் உறைந்துவிடும். லினக்ஸ் அதைத் தொடவே கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம்தான். ஆனால் அதன் பிறகு என் பக்கத்துக்குத் திரை கிடையாது.

“அப்புறம் நான் கண்ணு தெரியாமதான் வேலை செய்யணும் அண்ணி.”

அண்ணி தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னார்: “நான் வேணா கையப் புடிச்சிக் கூட்டினு போறேன்.”

சிரித்தார், ஆனால் கண் வீடியோவிலேயே இருந்தது. விருந்து நெருங்கிவிட்டது. என் வேலையைப் போன் வழியாக லினக்ஸுக்குள் நுழைந்து பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்து, அப்படியே எழுதிவைத்துவிட்டுக் கணினியை மறுபடி போட்டேன். அப்போது வந்ததுதான் அந்தக் கறுப்பு. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அண்ணி பிடித்த கையை விடவில்லை. மெல்ல விண்டோஸ் எழுந்தது. மாப்பிள்ளை தடங்கலில்லாமல் முடிச்சுப் போட, பின்னால் மலையில் பனி வழுக்கிப் போனது.

“நிமிந்துட்டாருடா மாப்பிள்ள!” என்று அண்ணன் கத்த, குழந்தை விழித்து அழுதது. அண்ணி தூளிப் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன்தான் ஓடிப் போய்த் தூக்கினான்.

வீடியோ விருந்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அண்ணன் குடும்பம் இப்போது சின்னசேலத்தில். அண்ணிக்குச் சொந்தக் கணினி, கை நிறைய வேலை. குடிபோன அன்று அந்தக் கார்டைக் கழற்றி நானே அதில் மாட்டிக் கொடுத்தேன். என் கணினியில் அந்த இடத்தில் மலிவான பழைய கார்டு ஒன்று. இருக்கிறதை வைத்து ஓட்டுகிறேன். போனில் பேசும்போதெல்லாம் அண்ணி கிண்டலாகக் கேட்பார்: “இன்னா தம்பி, உனக்குப் படம் தெரியுதா?”

இன்று காலை கணினியைப் போட்டேன். திரை கொஞ்ச நேரம் கறுத்தே நின்றது. பட்டனுக்குப் போன கை, யாரோ பிடித்ததுபோல் பாதியில் நின்றது.