அயிரைக்கு மணல் வேண்டும்

என் வீட்டுக்காரர் இரணியல் கோர்ட்டில் வக்கீல். வருகிறவர்கள் பார்த்து வியப்பதற்காக முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, அடியில் பளபளப்பான சரளைக்கல் பரப்பி, குளத்து அயிரைகளை விட்டிருந்தார். அயிரை மணலில் புதைந்து கிடக்கிற மீன். கல்லில் முட்டி முட்டி அவற்றின் மீசை தேய்ந்து, மூக்கு சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. திருவட்டாற்றில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது வில்வண்டியில் ஓர் ஓலைக் கடவம் நிறைய ஆற்று மணல் கொண்டுவந்தேன். அதை அலசி, கல்லை எடுத்துவிட்டுப் பரப்பினேன். கொஞ்ச நேரத்தில் எல்லா மீனும் கண் மட்டும் வெளியே தெரிய மணலுக்குள் போய் நிம்மதியாகக் கிடந்தன.

கோர்ட்டிலிருந்து வந்தவர் பார்த்தார்.

"வாறவியளுக்கு மீனைக் காட்டாண்டாமா? மணலையா காட்டுகது?"

"அதுக்கு மூக்கு புண்ணாப் போச்சு."

"மீனுக்கு என்னட்டி மூக்கு?" என்றார்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் மணலை முற்றத்தில் கொட்டிவிட்டு, பழையபடி கல்லைப் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவருடைய நண்பர்கள் வந்தார்கள். வழக்கம்போல உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏட்டி, வந்து ஒரு பாட்டுப் பாடு."

கல்யாணமானதிலிருந்து, காய்ச்சல் என்றாலும் போய்ப் பாடியிருக்கிறேன். அன்றும் போனேன். தொட்டியில் ஓர் அயிரை கல்லை முட்டிக்கொண்டிருந்தது.

"நான் பாட மாட்டேன்" என்றேன், அத்தனை பேர் முன்னாலும். மீன்களைக் குடத்தில் வாரிப் போட்டுக்கொண்டு, அவர்கள் நடுவிலேயே நடந்து போய்க் குளத்தில் விட்டேன்.

அவர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். இப்போதும் நான் பாடுகிறேன், அடுப்படியில், யாரும் இல்லாதபோது. வருகிறவர்களுக்குக் காட்ட அவர் வேறு எதையாவது வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.