எக்ஸ்ரே அக்கா வண்டியைத் தூக்கி நிறுத்திய கதை

மருத்துவமனையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்ரே அக்கா என்றால் வாசலில் நிற்கும் காவல்காரர்கூட வழி காட்டுவார். நீண்ட தாழ்வாரத்தின் கோடியில், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும் அறை அவளுடையது. ஊரில் பாதிப் பேருடைய எலும்பை அவள் பார்த்திருக்கிறாள். பஸ்ஸில் யாராவது கிட்ட வந்து, "அக்கா, என்னை ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தால், முகத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பாள். "இடது மணிக்கட்டு, சைக்கிள்ல இருந்து விழுந்தேனே" என்றதும் முகம் மலர்ந்துவிடும். "ஓ, நீங்களா! நல்லா சேர்ந்துடுச்சா?"

அவள் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். குரலுக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற சிரிப்பு. கடையில் நின்று சோப்பு கேட்டாலும் நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராகிவிடுவார்கள் என்று அவருடைய தங்கை கிண்டல் செய்வாள். தங்கை பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதனால் வீட்டில் அவளுக்கு விசில் என்றே பேராகிவிட்டது.

கல்யாணமான புதிதில் அவர்கள் ஒரு பழைய எஸ்.யூ.வி. வாங்கினார்கள். சாம்பல் நிறம், உயரமான வண்டி. ஏறுவதற்கு அக்கா ஒரு சின்னக் குதி குதிக்க வேண்டும். அன்றிலிருந்து லீவு கிடைத்தால் போதும், மூவரும் கிளம்பிவிடுவார்கள். எங்கே போகிறோம் என்று பெரிய திட்டமெல்லாம் கிடையாது. அவர் சாவியைத் திருப்பிவிட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பார். அக்கா மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பாள். விசில் பின்சீட்டில் நீட்டிப் படுத்து, காலை ஜன்னலுக்கு வெளியே விட்டுக்கொண்டு வருவாள். மலைப்பாதையில் வண்டி திரும்பும்போதெல்லாம் பின்னால் அவள் ஒரு பக்கமாக உருண்டு "அண்ணா!" என்று கத்துவது, அந்த நாட்களின் பின்னணி இசை மாதிரி அக்காவின் காதில் இன்னும் இருக்கிறது.

பிறகு விசிலுக்குக் கல்யாணமாயிற்று. ஊரின் மறுகோடியில் வீடு. வருவதும் போவதும் குறையவில்லை. ஆனால் வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நல்லா இருக்கீங்களா அண்ணி? உடம்பெல்லாம் பரவாயில்லையா?" என்று விசாரித்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பும் விருந்தாளியாகிவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. எப்படியோ அப்படி ஆகிப்போனது. அக்காவுக்கு அது உள்ளுக்குள் உறுத்தும், ஆனால் எங்கே பிடித்து எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை.

ஒருநாள் கணவர் வேலையிடத்தில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அவருடைய முதுகெலும்பை அக்காவேதான் படம் எடுத்தாள். எத்தனையோ பேரிடம் சொன்னதைத்தான் அவரிடமும் சொன்னாள்: "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வாரா வாரம் உடற்பயிற்சி வைத்தியத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. தாழ்வான காரில் அவரால் உடம்பை மடித்து ஏற முடியாது. அந்த உயரமான வண்டியில்தான் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். அந்த வண்டிக்கோ அவரைவிட மோசமான நிலைமை. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால், இறங்கிய பிறகும் தானாகவே இன்னும் சில தடவை குதிக்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் அவர் வாயில் துண்டைக் கவ்விக்கொள்வார். ரயில் நிலையம் முழுவதையும் குரலால் ஆட்டிவைத்தவர், சத்தம் வெளியே வராமல் இருக்கத் துண்டைக் கடிப்பதை ஓட்டிக்கொண்டே பார்க்க அவளால் முடியவில்லை.

ஒர்க்‌ஷாப்காரர் வண்டியின் மூக்கைக் கையால் அழுத்திவிட்டார். வண்டி தொட்டில் மாதிரி ஆடியது.

"நாலு பக்கமும் ஷாக் அப்சார்பர் போச்சுக்கா. ஸ்பிரிங்கும் உட்கார்ந்துடுச்சு. இந்த வண்டியை வெச்சு ஏன் கஷ்டப்படறீங்க? வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க."

"மாத்தித் தர முடியுமா, முடியாதா?"

"மாத்தலாம். ஆனா கையில ஆள் இல்லக்கா. அடுத்த மாசம் பார்ப்போம்."

அடுத்த மாதம் வரை எத்தனை வேகத்தடை என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். ஸ்பேனர் பிடித்த கை இல்லை அது. ஆனால் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டரில் வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்தாள். பார்த்ததையே திரும்பப் பார்த்தாள். பிறகு சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "வண்டிக்கு ஷாக் அப்சார்பரை நானே மாத்தப் போறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் முதுகு வலித்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதே! நீ பல்பு மாத்தவே ஸ்டூலைப் பிடிக்க ஆள் கேப்ப."

"ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மறுமுனையில் விசில் பதறினாள்.

"அண்ணனுக்கு இல்ல, வண்டிக்கு. ஞாயித்துக்கிழமை பழைய துணி போட்டுட்டு வா."

சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்த்துப் பொருத்தியே வாங்கியிருந்தாள். அந்த முரட்டு ஸ்பிரிங்கை வீட்டில் அழுத்திக் கட்டுவது உயிருக்கு உலை வைக்கும் வேலை என்று வீடியோவில் ஒருவர் எச்சரித்திருந்தார். அதை அவள் அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாத கதிர்களுக்குப் பயந்து பயந்தே வேலை பார்த்துப் பழகியவள் அவள். எங்கே தைரியம் வேண்டும், எங்கே பயம் வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கெல்லாம் முன்னதாகவே எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை விசில் வந்தாள். முன்சக்கரங்கள் உருளாமல் கல்லை அண்டக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, கீழே இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தினார்கள். கழற்றிய சக்கரங்களையும் அக்கா வண்டிக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

"அது எதுக்கு அண்ணி?"

"ஸ்டாண்டு ஏமாத்தினாலும் சக்கரம் தாங்கும். நாம உள்ள இருக்கோம்ல."

இருவரும் வண்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. அக்கா படுத்து உள்ளே நகர்ந்தாள். முற்றத்தைப் பார்த்த ஜன்னல் பக்கம் கட்டிலை நகர்த்திப் போடச் சொல்லிப் படுத்துக்கொண்டு, கணவர் அறிவிக்கத் தொடங்கினார்: "தாமதமாக வந்து சேரும் எக்ஸ்ரே எக்ஸ்பிரஸ், இன்னும் சற்று நேரத்தில் வண்டிக்கு அடியில் புறப்படும்."

"வாயை மூடிட்டுப் படுங்க!" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

முதல் போல்ட்டே உயிரை வாங்கியது. தலைகீழாக நின்று பார்த்தும் அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகினார்கள். அக்கா ஒதுங்கிக்கொள்ள, விசில் தன் நீச்சல்காரத் தோள்களின் பலத்தை எல்லாம் குழாயில் இறக்கினாள். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். விசில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்ன உடைஞ்சுது? யாரு உடைஞ்சீங்க?" என்று ஜன்னலிலிருந்து குரல் அலறியது.

"ஒண்ணும் உடையல அண்ணா. போல்ட்டு வழிக்கு வந்துடுச்சு!"

கழற்றிய ஷாக் அப்சார்பரை அக்கா தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தாள். உள்ளே போன தண்டு போனதுதான். புதியதை அழுத்தினால், மெல்ல மெல்ல மூச்சு விடுகிற மாதிரி மேலே எழுந்தது. "பாத்தியா? இத்தனை நாளா வெறும் குழாய் மேலதான் உங்க அண்ணன் உட்கார்ந்து வந்திருக்கார்" என்றாள்.

பின்அச்சை ஜாக்கில் தாங்கி, பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கியதும் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்தது. அதை விசில் வெளியே இழுத்தபோது, அது உட்கார்ந்திருந்த கிண்ணத்திலிருந்து ஏதோ பொலபொலவென்று கொட்டியது. சேறு என்று நினைத்து அக்கா விரலால் தொட்டாள். மணல். உடைந்த சிப்பித் துண்டுகளோடு கடற்கரை மணல்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி, அந்த வருஷம்..."

"அலை வந்துச்சே."

அந்த வருடம் அவர் வீரமாக வண்டியைக் கடற்கரை ஈரத்தில் இறக்கினார். பின்சக்கரம் புதைந்தது. அலை ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. விசில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினாள். அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, வண்டியின் பாய்களை எல்லாம் சக்கரத்துக்கு அடியில் திணித்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "பயணிகள் பதற்றப்பட வேண்டாம்" என்று அறிவித்தார். கரையேறிய பிறகு மூவரும் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட மணலில் விழுந்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எத்தனை மழையில் நனைந்து, எத்தனை முறை கழுவிய வண்டி அது! அந்தப் பிற்பகல் மட்டும் போகாமல் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"அந்தப் பாய் ரெண்டு கடலோட போச்சு. உங்க அண்ணன் அடுத்த நாள் கடையில போய், 'கடல் எடுத்துட்டுப் போயிடுச்சு, புதுசு கொடுங்க'ன்னு கேட்டார்" என்றாள் அக்கா. விசில் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டது.

இரண்டு பழைய ஸ்பிரிங்குகளையும் சிமெண்டுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் அக்கா இன்னொன்றைக் கவனித்தாள். ஓட்டுகிறவர் பக்கத்து ஸ்பிரிங் மற்றதைவிட ஒரு விரல்கடை குட்டையாக இருந்தது. அத்தனை வருடம் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்த கனம். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பாதியாக இளைத்துவிட்டிருந்தார். சட்டைகள் ஹேங்கரில் தொங்குவதுபோல் அவர் மேல் தொங்கின. அந்தப் பழைய மனிதரின் எடையை இந்த இரும்பு மட்டும் ஞாபகம் வைத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கையால் அதைத் தடவிக்கொடுத்தாள். எலும்புப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் காய்ந்துபோன கண் என்று அவளே தன்னைச் சொல்லிக்கொள்வது வழக்கம். அன்று அந்தப் பேச்சு பலிக்கவில்லை.

விசில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டாள். பிறகு, "புதுசை மாட்டலாமா அண்ணி?" என்றாள்.

பின்பக்கம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது, பெட்டியில் இருந்த காகிதத்தை விசில் உரக்கப் படித்தாள். ரப்பர் இருக்கும் இடத்து போல்ட்டுகளை, வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டுமாம். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியை இறக்கி, மறுபடி இறுக்கினார்கள்.

முன்பக்கம் அடுத்த ஞாயிறு. மேல்நட்டைக் கழற்றும்போது ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே.

"நீங்கதானே விடுன்னு சொன்னீங்க?"

"பிடின்னு சொன்னேன்! காதுல என்ன தண்ணியா?"

"நீச்சல் டீச்சர் காதுல தண்ணி இல்லாம என்ன இருக்கும்?"

கனமான அந்த உருப்படி நழுவி அக்காவின் மடியிலேயே வந்து விழுந்தது. அடி படவில்லை. வண்டிப் பக்கமிருந்து இரண்டு பெண்களின் சிரிப்பு கேட்டு, ஜன்னலில் இருந்தவர் தானும் சேர்ந்துகொள்ள வழியில்லாமல் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். வருடக்கணக்காக, "வாங்க, உட்காருங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு வாய்க்கு வாய் கத்திச் சண்டை போட்டார்கள். அதில் எவ்வளவு நிம்மதி என்று அக்கா பிற்காலத்தில் அடிக்கடி சொல்வதுண்டு.

வண்டி நிமிர்ந்து நின்றது. சக்கரங்களின் நேர்கோட்டைச் சரிபார்க்க ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனபோது, ஒர்க்‌ஷாப்காரரே டார்ச்சோடு அடியில் நுழைந்தார். ஒரு நட்டை மட்டும் இன்னும் அரைச்சுற்று இறுக்கினார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "யாருக்கா செஞ்சது?" என்றார்.

"நானும் என் நாத்தனாரும்."

அவர் விசிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். "நல்லா இருக்குக்கா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் வைத்தியத்துக்குப் போகும்போது விசிலும் கூட வந்தாள். மருத்துவமனைத் தெருவின் வேகத்தடை தூரத்தில் தெரிந்ததுமே அவர் துண்டைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். அக்கா மெதுவாக ஏற்றினாள். வண்டி ஒரு தடவை எழும்பி, ஒரு தடவை அமர்ந்தது. அவ்வளவுதான். அவர் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"அட" என்றார். பெரிய குரல்காரருக்கு வந்தது அந்த ஒரு சொல்தான்.

திரும்பும் வழியில் பேச்சு குறைந்தது. கொஞ்ச தூரம் போனதும் லேசான குறட்டை கேட்டது. வலி வந்த நாளிலிருந்து வண்டியில் அவர் கண்ணசந்ததே இல்லை. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. அக்கா வேகத்தைக் குறைத்தாள்.

பின்சீட்டிலிருந்து விசில் முன்னால் குனிந்து, காதோரம் கிசுகிசுத்தாள்: "நிறுத்தினா முழிச்சுடுவார் அண்ணி."

"அப்ப என்ன பண்ண?"

"போயிட்டே இருங்க. எனக்கு வீட்டுல ஒரு வேலையும் இல்ல."

அக்கா திரும்பாமல் நேரே ஓட்டினாள். கடைகள் குறைந்து, வீடுகள் குறைந்து, ரோட்டுக்கு இருபுறமும் மரங்கள் வந்தன. கண்ணாடியில் பார்த்தாள். விசில் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டிருந்தாள்.