சகலை பாதியில் விட்ட ஆட்டம்

அந்தப் பெட்டியின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரியும். பெட்டி தூங்குகிறது என்று அர்த்தம். இப்போது மந்தாரக்குப்பத்தில் என் கொழுந்தியாள் வீட்டு மூலையில் அது நிற்கிறது, விளக்கு எரிவதில்லை. செய்தவர் என் சகலை, அவளுடைய புருஷன். ஊரில் யாரோ வீடியோ கேம் கடை ஒன்றை மூடியபோது, அங்கிருந்த ஆட்டப் பெட்டியின் ஆள் உயர மரக்கூட்டை வாங்கி, உள்ளே ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தி, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் கூடத்தில் நிறுத்தினார். முன்பக்கம் ஒரு திரையும் கைப்பிடியும் சில பட்டன்களும். மூன்று சக்கர வண்டியில் அது வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர், "இன்னா, பாவசங்கீர்த்தனத் தொட்டிய வூட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டார். சர்ச்சில் சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற மரக்கூண்டு மாதிரி இருக்கிறதாம். பூசைக்குப் போகும்போது கோயிலில் பார்த்தாலும் அதையே சொல்லிச் சிரிப்பார்.

சகலை தெர்மல் மின்நிலையத்தில் பாய்லர் பக்கம், பர்மனென்ட். நான் மைன்ஸில் நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் ஆள். முதல் ஷிப்ட் முடிந்தால் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். விமானம் ஓட்டிச் சுடுகிற ஆட்டம்தான் எங்களுக்குப் பிடித்தது. ஆடி முடித்ததும் அவர் பெட்டியைத் தூங்க வைப்பார். நான் அணைக்கச் சொல்வேன். எத்தனையோ வருஷம் இதே சண்டை.

"பாய்லர அணைச்சி ஆறவுட்டு மறுபடி ஏத்துனா குழாய் வெடிப்பு வுடும்ணே. சூட்டோட வெச்சிக்கினு இருந்தாத்தான் ஆயுசு" என்பார்.

"சும்மா நிக்கிற பெல்ட்டு நின்ன பெல்ட்டு இல்ல, சகல. சுவிட்ச அணைச்சி, பூட்டுப் போட்டு, சாவி என் ஜோப்புல இருந்தாத்தான் நின்னுச்சின்னு அர்த்தம்."

"உங்க பெல்ட்டு ஆள இழுக்கும். இது யாரண்ணே இழுக்கப் போவுது?"

சமையல்கட்டிலிருந்து கொழுந்தியாள் குரல் வரும். "தாலாட்டுப் பாடித் தூங்க வைங்களேன். ரெண்டு கெழவனுக்கும் வேற வேல இல்ல."

தூங்க வைப்பதில் அவருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கும். மறுநாள் எழுப்பினால் அங்கிருந்தே ஓடும்.

ஒருநாள் மத்தியானம், எனக்கு லீவு. அவர் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஆட்டத்தில் அவருக்குக் கடைசி உயிர்தான் மிச்சம். "வந்து முடிச்சிக்கிறேன்ணே" என்று பெட்டியைத் தூங்க வைத்துவிட்டுப் போனார். ஷிப்டில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது முடிந்துவிட்டது. யார் வந்தார்கள், யார் அழுதார்கள் எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் பெட்டியில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவர் இடுப்புக்குப் பின்னால் அந்த விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம். அப்படியே போனாலும் தாங்குவதற்குப் பெட்டிக்குள் பேட்டரி வைத்திருந்தார். அதனால் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகும் பெட்டி தூங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் வந்தது. காலையிலேயே வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். பெட்டி மட்டும்தான் பாக்கி.

"ஒயரப் புடுங்கிடலாமா, பெரியவரே?" என்றான் டிரைவர்.

"இருப்பா."

பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். தூங்குகிறதை அப்படிப் பிடுங்கக் கூடாது, எழுப்பித்தான் அணைக்க வேண்டும் என்று சகலையே சொல்லியிருக்கிறார். எழுப்பினால் ஆட்டம் ஓடத் தொடங்கிவிடும். அவர் விட்ட கடைசி உயிர் என் கையில் போய்விடும். பெல்ட்டில் வேலை பார்க்க ஒருவன் சுவிட்சில் போட்ட பூட்டை இன்னொருவன் எடுக்க மாட்டான். சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டால்கூட ஸ்கூட்டர் அனுப்பி அவனையேதான் கூட்டிவருவார்கள். அணை அணை என்று அத்தனை வருஷம் சொன்னவன் நான். அன்றைக்கு அந்தப் பட்டனுக்கு முன்னால் சும்மா நின்றேன்.

கொழுந்தியாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "எழுப்புங்க மாமா."

அமுக்கினேன். சத்தத்தோடு திரை வெளுத்தது. அவர் விமானம் அதே இடத்தில் நின்றது. பாதி வழியில் நின்றிருந்த குண்டுகள் இறங்கத் தொடங்கின. நான் தொடவில்லை. ஒருநாள்கூட அதைத் தொடாத அவள் சட்டென்று கைப்பிடியைப் பிடித்தாள்.

"எத அமுக்கணும்?"

"செவப்பு. செவப்ப அமுக்கும்மா."

இடமும் வலமுமாக இழுத்தாள். ஒன்றிரண்டு எதிரி விழுந்தது. பத்து எண்ணுவதற்குள் விமானம் வெடித்துவிட்டது. திரையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது.

"என்னாம்மா கேக்குது?"

"பேரு. ஆடுனவங்க பேரப் போடணுமாம்."

அவள் எதுவும் போடவில்லை. பக்கத்தில் எண் ஒன்று குறைந்துகொண்டே வந்து, அதுவாகவே முடிந்தது. கைப்பிடியை விட்டாள்.

"அணைச்சிடுங்க மாமா. இனிமே யாரும் இத பாதியில வுட்டுட்டுப் போவ வேணாம்."

சகலை காட்டித் தந்த வரிசையில் பட்டன்களை அமுக்கினேன். உள்ளே காற்றாடி சுற்றி ஓயும்வரை இரண்டு பேரும் நின்றோம். பிறகுதான் ஒயரைப் பிடுங்கினேன்.