மாதாவோடு வந்த அக்கா

நீங்கள் நம்பப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பமாட்டேன். பேய், பிசாசு, மாதாவின் புதுமை, தரிசனம் என்று யாராவது கதை தொடங்கினாலே எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். ஞானஸ்நானம் பெற்றவள்தான், ஞாயிறு பூசைக்கும் போவேன், ஆனால் போகாவிட்டால் ஊர் கேட்குமே என்பதற்காகப் போவது. மரக்கறிக்காரர் தராசைத் தூக்கினால் அவருடைய விரலைப் பார்ப்பேன். சுவாமியார் பிரசங்கத்தில் கண் கலங்கினால் இவருக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பேன். சண்டைக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியதே இந்தச் சந்தேகப் புத்திதான் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

மன்னார்த் தீவில், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில், கடற்கரைப் பக்கமாக எங்கள் வீடு. இவர், என் புருஷன், கடல் தொழில். ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் இவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல மாதம் முகாமில் வைத்திருந்து பிறகு விட்டார்கள். ஆனால் வந்த மனிதர் பழைய மனிதர் இல்லை. வாகனச் சத்தம் கேட்டால் போதும், உடம்பு உதறத் தொடங்கும், தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பும், அவர் நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது. நான் ஓடிப்போய் அவருடைய முகத்தை என் மடியில் அமுக்கி, வாய்க்குள் துவாயை வைத்து, வாகனம் போய் முடியும் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பேன். பாவம், அழுவார்.

அப்போதுதான் ஒரு கதை அடிபட்டது, விட்டவர்களை மறுபடியும் பிடிக்கிறார்களாம், இந்தமுறை போனவர்கள் வரவில்லையாம். நான் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வலை போட்டு வைக்கிற பின்னறைக்குள் இவரை விட்டு, அந்தக் கதவை மறைத்து அலுமாரியை இழுத்து வைத்தேன். சாப்பாடு கொடுக்க வேண்டுமென்றால் அலுமாரியை அரக்கி நகர்த்த வேண்டும், அது சீமெந்தில் கரகரவென்று சத்தம் போடும். ஊருக்கு, இவர் நீர்கொழும்புக்குத் தொழிலுக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். எத்தனை பேர் நம்பினார்களோ தெரியாது.

இப்படி இருக்கும்போது செபமாலை மாதம் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம், அந்த மாதம் முழுக்க மாதாவின் சுருபம் வீடு வீடாகப் போகும். பொழுதுபடும் நேரம் ஒரு வீட்டார் பாட்டுப் பாடிக் கொண்டுவருவார்கள், அடுத்த வீட்டார் மெழுகுதிரியோடு வாங்குவார்கள், எல்லாரும் செபமாலை சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் கொண்டுவந்த வீட்டார் தங்கள் ஆள் ஒருவரை மாதாவுக்குத் துணையாக விட்டுவிட்டுப் போகவேண்டும். மாதா அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் மட்டும் அந்த ஆள் அங்கேதான். வேண்டாம் என்று சொன்னால் இந்த வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்று தெருவே பேசும். அதனால் வாங்கினேன்.

பக்கத்து வீட்டு ரோசலின் அக்கா ஆட்கள் கொண்டுவந்தார்கள். கூட ஒரு பெண் வந்தார். நடுத்தர வயது, கறுத்த மெல்லிய உடம்பு, வெளிறிய சேலை, சந்தையில் கண்டால் இன்னொருதரம் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள். ஒரேயொரு விஷயம்தான். நாங்களெல்லாம் ‘புனித மரியே, இறைவனின் தாயே’ என்று பதில் சொல்ல, அந்தப் பெண் மட்டும் ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று சொன்னார். பழைய கிழவிகள் அப்படிச் சொல்லுவார்கள், ஆனால் இவருக்கு அந்த வயது இல்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது யாரோ பழைய செபப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் பாடமாக்கி உளவு பார்க்க அனுப்பின ஆள்! சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் அப்படித்தான் மூளை வேலை செய்யும்.

ஊரடங்குக்கு முன்னர் எல்லாரும் போய்விட்டார்கள். அந்தப் பெண் இருந்தார். சரி, ரோசலின் அக்கா விட்டுப் போன ஆள் என்று தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“உள்ளுக்க இருக்கிறவரையும் செபத்துக்குக் கூப்பிடுங்கோ பிள்ளை.”

“உள்ளுக்க ஒருத்தரும் இல்லை. அவர் நீர்கொழும்பில நிக்கிறார்” என்றேன்.

“ஓம்” என்றார்.

வேறு ஒன்றும் இல்லை, வெறும் ஓம். நம்பினாரா, நம்பவில்லையா, நாளைக்குப் போய் யாரிடம் சொல்லப் போகிறார்? அந்த மனிசி மாதாவுக்கு முன்னால் அசையாமல் இருக்க, நான் அலுமாரியில் சாய்ந்துகொண்டு கண்ணை எடுக்காமல் இருந்தேன். அரக்கினால் சத்தம் கேட்கும் என்பதால் இவருக்குச் சோறும் கொடுக்கவில்லை. விடியும் மட்டும் அப்படித்தான்.

விடிந்ததும் வந்துவிட்டார்கள். சுற்றிவளைப்பு. வேலிக்கு அருகிலேயே ஜீப் வந்து நின்றது, வீட்டுக்குள் இருக்கிற எல்லாரும் றோட்டுக்கு வரவேண்டும் என்று கத்தினார்கள். நான் வெளியே போனால் இவருடைய வாயைப் பொத்த ஆள் இல்லை. ஒரு முனகல் கேட்டால் அலுமாரியைத் தள்ளிவிடுவார்கள், அதோடு முடிந்தது. நல்லாய்த்தான் காட்டிக் கொடுத்திருக்கிறாய் என்று அந்தப் பெண்ணைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

“எழும்புங்கோ, வெளியில வரட்டாம்” என்றேன்.

“நீங்க போங்கோ பிள்ளை. நான் அவரோட இருக்கிறன்.”

‘அவரோட’ என்றார். அதற்குள் ஒரு ஆமிக்காரன் துவக்கால் என் முதுகில் தள்ளினான்.

றோட்டில் எல்லாரோடும் நின்றேன். ஜீப்பின் எஞ்சினை நிறுத்தாமல் உறும விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் மூன்று நான்கு பேர் போனார்கள். இப்போது கேட்கும், இப்போது கேட்கும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். சிலாபத்துச் சிங்களக் கத்தோலிக்கப் பெடியனாக இருக்கும், சுருபத்தைக் கண்டு கழற்றியிருப்பான், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

விட்டதும் ஓடினேன். மாதாவுக்கு முன்னால் யாரும் இல்லை. அலுமாரி வைத்த இடத்திலேயே இருந்தது. இழுத்துவிட்டு உள்ளே போனால் இவர் வலைக்கு மேல் நித்திரை. முகாமால் வந்த நாள் தொடக்கம் ஒழுங்காகக் கண் மூடாத மனிதர், வாயைத் திறந்துகொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி நித்திரை.

உலுப்பி எழுப்பினேன். “அந்த அக்கா போயிட்டாவோ?” என்று கேட்டார்.

“எந்த அக்கா?”

“ராத்திரி முழுக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாவே. செபமாலை சொல்லுவம் எண்டா. சர்வேசுரன் எண்டு எங்கட ஆச்சியாக்கள் மாதிரிச் சொன்னா. ஜீப் வந்து நிண்டதும் எனக்குக் கேட்டதப்பா. ஆனா பயம் வரேல்லை.”

கையை நீட்டிக் காட்டினார். நடுக்கம் இல்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே அலுமாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இராத்திரி முழுக்க அதில் சாய்ந்திருந்தவள் நான்.

உடனே ரோசலின் அக்கா வீட்டுக்குப் போனேன்.

“நேற்று விட்டுட்டுப் போனீங்களே, உங்கட ஆள், அவ ஆர்?”

“எங்கட ஆளோ? எங்கட வீட்டிலயும் மாதாவோட வந்து இருந்தவ. நாங்க முந்தின வீட்டு ஆள் எண்டெல்லோ நினைச்சம்!”

முந்தின வீட்டில் கேட்டால், தங்களுக்கு முந்தின வீட்டு ஆள் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின வீட்டிலும் அதே கதை. யாருடைய ஆள் என்று ஒரு வீட்டாரும் கேட்கவில்லை, கேட்டால் மரியாதை இல்லையே. நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன், அந்த நேரத்தில் அதிகம் கேட்டுக்கொண்டு திரிவதும் ஆபத்து.

அன்று பின்னேரம் மாதாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு ஸ்டெல்லாவிடம் போனோம், துணைக்கு விட என்னிடம் ஆள் இல்லை. சில நாட்களில் இவர் தானாகவே பின்னறையை விட்டு வெளியே வந்தார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், கேட்கவில்லை. “ஆண்டவர் இருக்கிறார், எனக்கு ஒண்டுமில்லை” என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார். யாரும் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை ஷெல், எத்தனை இடப்பெயர்வு, இந்த மனிதர் ஒருநாளும் கலங்கினதை நான் காணவில்லை. சுவாமியார் அது விசுவாசம் என்றார். டொக்டர் அதிர்ச்சி தெளிந்துவிட்டது என்றார். இரண்டு பேரும் சும்மா சொல்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு ஒருநாள் ஸ்டெல்லாவோடு பேச்சுவாக்கில், அந்தப் பெண் மாதாவோடு அங்கேயும் வந்தாரா என்று கேட்டேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

“ஆர் வந்தது? நீங்க மாதாவை வைச்சிட்டு ஒரு ஆளையும் விடாமப் போயிட்டீங்கள் எண்டு எங்களுக்கு மனவருத்தம்.”

யோசித்துப் பாருங்கள். என் வீட்டுக்குள் வந்ததைத் தெருவே கண்டது. வெளியே போனதைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். பொழுதுபட்டதும் இவர் செபமாலையை எடுப்பார், முதல் பாதி அவர் சொல்ல மறு பாதி நான் சொல்லவேண்டும். ஒருநாள் ஏதோ கோபத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தன் பாதியைச் சொன்னார். நிறுத்தினார். பதில் சொல்லி முடிக்கிற அளவு நேரம் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அடுத்ததைத் தொடங்கினார். அப்படியே முழுச் செபமாலையும் முடிந்தது. அவருடைய முகத்தில் இருந்த அமைதியை நான் என்னவென்று சொல்ல.

அன்று தொடக்கம் என் பாதியை நான் சத்தமாகவே சொல்கிறேன். பக்தி என்று அயல் நினைக்கிறது. அவருக்குக் கேட்கிற அந்தப் பதில் எனக்கும் கேட்டுவிடக் கூடாதே என்றுதான்.