சுவரைப் படம் பிடித்த வக்கீலம்மா

சின்னப்பொண்ணுக்கு நான் கடன்பட்டிருந்தது அறுபத்திரண்டாயிரத்து முந்நூற்று எட்டு ரூபாய். கைமாற்று இல்லை, வட்டிக்கு வாங்கியதும் இல்லை. ஒன்பது வருஷம் என் கேன்டீனில் தோசைக்கல் முன்னால் நின்ற கால்களுக்கு நான் தராமல் வைத்திருந்த பணிக்கொடை. அதுவும் கடன்தான் என்று எனக்குக் காட்டியவர் வக்கீல் மெர்சி.

"கதை அப்பால. மொதல்ல தேதி சொல்லு." யார் வந்து எதிரில் உட்கார்ந்தாலும் மெர்சி இதைத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, இலவசமாகச் சட்ட யோசனை சொல்ல, பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். செருப்பை வாசலில் விட்டு, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, போனில் இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைப்பார். நேரம் முடிந்தால் போன் சேவல் மாதிரிக் கூவும். கூவினால் அடுத்த ஆள். அதற்குள் ஒரு துண்டுச் சீட்டில் மூன்றே வரி எழுதியிருப்பார்: யாரைப் பார்ப்பது, என்ன காகிதம் எடுத்துப் போவது, எந்தத் தேதிக்குள். பிறகு, "நான் இன்னா சொன்னேன், நீ சொல்லு பாப்போம்" என்று திருப்பிக் கேட்பார். சரியாகச் சொல்லாதவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. ஒரு வெல்டர் நாலு தடவை தப்பாகச் சொல்லி, ஐந்தாவது தடவை சரியாகச் சொன்னபோது வரிசையே கைதட்டியது!

இதற்கெல்லாம் காசு? பத்துப் பைசா கிடையாது. இங்கே கேஸ் எடுப்பதும் இல்லை. "இது மொதல் பேச்சு மட்டுந்தாங்க. வாசப்படி எந்தப் பக்கம்னு காட்டுவேன். ஏறிப் போறது நீங்கதான்" என்பார். இப்படி ஐந்து வக்கீல்கள், மாசத்துக்கு ஒருத்தராக, முறை வைத்து வருகிறார்கள். மற்ற நால்வரும் நல்லவர்கள். மெர்சி தனி தினுசு. அவர் அப்பா இரும்பு ஆலையில் லோடுமேன். நான் சைக்கிளில் விற்ற டீயைக் குடித்தவர். ஆகவே அந்த வக்கீல் படிப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்வேன்.

இடம் கொடுத்தவனும் நான்தான். சொல்லிக்கொள்ள என்ன வெட்கம்? மூணாங்கிளாஸோடு நின்று, டீ கேனோடு சிப்காட் கேட்டில் காத்துக் கிடந்த இந்த சுப்பராயன், இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் மூன்று கம்பெனிக்கு, தினம் ஆயிரத்து நானூறு பேருக்குச் சோறு போடுகிறேன். என் ஆபீஸ் முன்னறையை வாடகை இல்லாமல் விட்டேன். மின்விசிறிகூடப் புதுசு. சுவர் நிறைய ஆயுத பூஜைப் படங்கள். வருஷா வருஷம் அண்டாக்களுக்கு முன்னால் என் ஆட்களை நிறுத்தி, நடுவில் நான் மாலையோடு உட்கார்ந்து எடுத்தவை. கீழே வருஷம் தங்க எழுத்தில் இருக்கும். முப்பது வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவேன்: "பாரு, அத்தினி பேரும் நம்ம ஆளுங்க."

போன வருஷம் தை மாசம், ஒரு ஞாயிறு, வரிசையில் சின்னப்பொண்ணு நின்றாள். ஆரம்பாக்கத்துக்காரி. முட்டி தேய்ந்து, தீபாவளியோடு வேலையை விட்டவள். இனி நிற்க முடியாது, உட்கார்ந்தபடி மாவு அரைத்து விற்க ஒரு பெரிய கிரைண்டர் வாங்க வேண்டும், சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டு, நான் இல்லை என்று அனுப்பிய ஆள். மெர்சி அவளிடம் இரண்டு வார்த்தை கேட்டார். பல்லிலிருந்து மூடியை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"ஐயா, அக்கா உங்க விஷயமாத்தான் வந்துக்கிறாங்க. நீங்க இங்க இருக்கக் கூடாது."

"என் ரூமும்மா இது!"

"சரி, அப்ப நாங்க ரோட்டாண்ட மரத்துக்குக் கீழ போய்க்கிறோம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சொல்லும்போதே நாற்காலியைத் தூக்கிவிட்டார். வரிசை முழுக்க என்னையே பார்க்கிறது. நானே வெளியே போனேன். என் வாசலில் நான் காத்து நின்றது வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேச்சு காதில் விழவில்லை. சின்னப்பொண்ணு கையை விரித்தாள். தேதி தெரியவில்லை போல. பிறகு சுவரைக் காட்டினாள். அவ்வளவுதான், மெர்சி துள்ளி எழுந்தார்! ஸ்டூல் மேல் ஏறி என் படங்களை ஒவ்வொன்றாகப் போனில் எடுத்தார். சேவல் கூவியது. அடக்கிவிட்டு மறுபடி எடுத்தார். நான் பக்கத்தில் நின்ற டிரைவரிடம், "பாத்தியா, நம்ம படத்துக்கு இன்னா மரியாதைன்னு" என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பதிவுத் தபாலில் சின்னப்பொண்ணின் கடிதம் வந்தது. கூடவே ஒன்பது படங்கள். 2015 தொடங்கி 2023 வரை, ஒவ்வொன்றிலும் அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பதினோரு மாசத்துக்கு ஒருமுறை கணக்கு முடித்து, புதிதாகச் சேர்த்த மாதிரி காகிதத்தில் எழுதி வந்தவன் நான். ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தால்தானே பணிக்கொடை கேட்க முடியும்? என் காகிதத்தில் முழுசாக ஒரு வருஷம்கூட இல்லை. சுவரில் ஒன்பதும் இருக்கிறது!

அடுத்த ஞாயிறு நானே வரிசையில் நின்றேன். "எனக்கும் ஒரு வழி சொல்லும்மா. பீஸு வேணாலும் தர்றேன்."

"அக்காவுக்குச் சொல்லிட்டேன் ஐயா. அதே விஷயத்துக்கு உங்களுக்கும் சொன்னா நான் வக்கீலே இல்ல. வேற ஆளைப் பாருங்க." பிறகு சிரித்தார். "ரூமைப் பூட்டப் போறீங்களா? சாவி ஜன்னல்ல கீது."

என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா! ரோஷத்தோடு பொன்னேரிக்குப் போய், முழு பீஸ் கட்டி வேறொரு வக்கீலைப் பார்த்தேன். அவர் படங்களைப் புரட்டிவிட்டு, "அந்தம்மா யாருன்னே தெரியாது, பூஜைக்குப் பொரி வாங்க வந்து நின்னதுன்னு சொல்லிடலாம்" என்றார். முப்பது வருஷமாக நம்ம ஆளு, நம்ம ஆளு என்று ஊரைக் கூட்டிக் காட்டிய வாய் இது. அதே வாயால் இவள் யாரோ என்று சொல்ல வேண்டுமாம். அறுபத்திரண்டாயிரத்துக்கு என் சுவரை விற்கச் சொல்கிறார்! எழுந்து வந்துவிட்டேன்.

மாசம் முடிவதற்குள் ஒரு ஞாயிறு சின்னப்பொண்ணை வரச் சொல்லி, வரிசை முழுக்கப் பார்க்க செக்கை நீட்டினேன். "அறுபத்திரண்டாயிரத்து முந்நூறு!" என்று உரக்கப் படித்தும் காட்டினேன். மெர்சி எட்டிப் பார்த்தார்.

"எட்டு ரூபா?"

"அட, எட்டு ரூபாதானேம்மா!"

"வாணாம், வுடுங்க வக்கீலம்மா. மொதலாளி இம்மாந்தொகை குடுத்தாரே, போதும்" என்று சின்னப்பொண்ணு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

 மெர்சியின் வலது கை அடுத்த ஆளின் சீட்டை எழுதிக்கொண்டே இருந்தது. இடது கையால் சின்னப்பொண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை மேலே திருப்பி, மேசை மேல் வைத்தார். நான் சட்டைப் பையைத் துழாவினேன். ஓர் ஐந்து ரூபாய், ஓர் இரண்டு ரூபாய், ஓர் ஒற்றை ரூபாய். ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தேன். வரிசையே சேர்ந்து எண்ணியது: "அஞ்சு, ஏழு, எட்டு!"